கீழ்க்கம்பி

காலையில் மாடி அறைக்குப் போனபோது இடப்பக்கத் திரைச்சீலை தொங்கவில்லை. படுத்திருந்தது.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த அறையின் கூரை ஒரு பக்கம் சரிந்து இறங்குகிறது. சரிவிலேயே இரண்டு ஜன்னல்கள், ரொட்டித் துண்டைக் கோணலாக வெட்டியது மாதிரி, மேலே குறுகிக் கீழே அகன்று. சரிவில் மாட்டுகிற துணி கண்ணாடியை விட்டு விலகி நேராகத்தான் கீழே விழும். வலப்பக்கத்தில் அப்படித்தான் விழுந்திருந்தது. இடப்பக்கத் திரை மட்டும் கூரையின் சாய்வுக்கே சாய்ந்து, ஈரத் துணியைச் சுவரில் அறைந்த மாதிரி கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது. தொட்டாள். ஈரமில்லை. தொட்ட மாத்திரத்தில், அடக்கிவைத்த மூச்சை விட்டது போல, விலகி வந்து நேராகத் தொங்கியது.

கட்டிலில் ஏழு வயது மகள் கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். ஒன்பது நாளாக ராத்திரியில் அவள் தூங்கவில்லை.

ஒன்பது நாளுக்கு முன்னால்தான் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கி, கீழறைதான் தன் முழங்காலுக்குத் தோது என்று சொல்லி, குழந்தையின் கட்டிலை மாடிக்கு ஏற்றினாள். இவள் கணவன் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழகாதவன். இப்போது வெளியூர் வேலையில் இருந்தான். குழந்தை ராத்திரி அழுதுகொண்டு இறங்கி வருவதைப் பார்த்து, கதவை வெளியே தாழ்போடச் சொன்னதும் நாத்தனார்தான். ஏழு வயசுக் கழுதைக்கு இன்னும் அம்மா மடி கேட்கிறதா, பால் புகட்டுகிற பாலாடையையும் எடுத்து வைக்கவா என்று கேட்டாள். சொன்னவள் அவள். தாழ்போட்ட கை இவளுடையது.

நிலா வெளிச்சம் முகத்தில் அடித்துத்தான் குழந்தைக்குத் தூக்கம் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரை வாங்கினாள். மாதிரித் துணிகளின் புத்தகத்தை மூன்று நாள் புரட்டி, சாம்பல் பூத்த நீலத்தில் தரை வரை அலையலையாக விழுகிற கனத்த துணியை எடுத்தாள். திரை தைப்பவர் அப்போதே எச்சரித்தார். சரிவு ஜன்னலுக்கு மேலே ஒரு கம்பி போதாது, கீழேயும் ஒன்று போட்டுத் துணியைக் கண்ணாடியோடு இழுத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடுக்கு விழும் என்றார். அவ்வளவு அழகான துணியை இறுக்கிக் கட்ட இவளுக்கு மனம் வரவில்லை. அங்கே யார் வந்து உட்காரப்போகிறார்கள் என்று சிரித்தாள்.

திரை மாட்டிய மறுநாளே மகள் சொல்லிவிட்டாள், அங்கே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்று. நாத்தனார், அவருக்குக் காபி வேணுமா கேட்டுட்டு வா என்றாள்.

இன்றைக்கு மகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு அவள் திரை தைப்பவருக்குப் போன் போட்டாள். மூன்று மணிக்கு வந்தார். கீழ்க்கம்பிகளைத் திருகி, துணியின் அடியை மடித்துத் தைத்துக் கோர்த்து, இரண்டு திரைகளையும் மேளத்தோல் போல இழுத்துவிட்டார். இடுக்கு மறைந்தது. "இனிமே ஒரு கொசு நுழையாது மேடம்" என்றார். அவளுக்கு அழுகை வரும் போல அத்தனை நிம்மதியாக இருந்தது.

பள்ளியிலிருந்து வந்த மகளை ஆசையாக மேலே கூட்டிப்போய்க் காட்டினாள். குழந்தை திரையைப் பார்த்தது. கீழ்க்கம்பியைப் பார்த்தது. பிறகு குனியாமல், கழுத்தைக்கூடத் திருப்பாமல், அம்மாவின் காதை இழுத்துக் கிசுகிசுத்தது.

"காலையில நீ தொட்டேல்ல, அப்ப அது பயந்து கட்டிலுக்கு அடியில போயிடுச்சும்மா. திரும்பி எப்படிப் போகும்? அதோட வழிய மூடிட்டியே."

மாலை வெளிச்சம் துணியில் வடிகட்டி, அறை முழுக்க மங்கிய நீலமாக நின்றது. எங்கோ பலகை முனகியது. பழைய பஞ்சின் வாசனை வந்தது. வெகுநேரம் மூடிக்கிடந்த வாயின் வாசனையும். அவள் கட்டிலுக்கு அடியில் பார்க்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கடைசிப் படியில் நாத்தனார் நின்றிருந்தாள்.

கம்பியைக் கழற்ற வேண்டும், ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று இவள் கேட்டாள். நாத்தனார் குழந்தையை மட்டும் பார்த்தாள். "வகுப்புல தூங்கி விழுறாளாம், டீச்சர் எழுதி அனுப்பியிருக்கா. என் தம்பி மானம் போகுது. இப்பவே மேல கொண்டுபோய்ப் படுக்க வை. இன்னைக்கு அவ தூங்கினா நான் இந்த வீட்ல இருப்பேன். இல்லேன்னா கிளம்பிடுவேன், தம்பிகிட்ட நீயே சொல்லிக்கோ."

கணவனின் முகம் ஒரு கணம் வந்துபோனது.

அவள் திரும்பி ஏறினாள். கழுத்தைக் கட்டியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ரெண்டே நிமிஷம், அம்மா இதோ வந்துடுறேன் என்றாள். மகள் அழவில்லை. பார்த்தாள். அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் கை தாழைப் போட்டது.

ஸ்க்ரூ டிரைவர் மேசை இழுப்பறையில் இல்லை. பரண் பெட்டியில் இல்லை. தலைக்கு மேலே சின்னக் கால்கள் ஓடின, கதவு வரை. கதவு தடதடத்தது. அம்மா என்றது. பிறகு சின்னக் கால்கள் நடந்தன, மெதுவாக. பிறகு நடக்கவில்லை. ஏதோ தரையிலிருந்து எடுக்கப்பட்டது போல, சத்தம் பாதியில் நின்றது.

கிடைத்தது. தையல் மெஷினுக்கு அடியில்.

ஓடினாள். தாழை இழுத்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. கட்டில் காலி. போர்வையும் இல்லை. திரைகள் இரண்டும் இறுக்கமாக, ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள்.

சரிவில் மகள் படுத்திருந்தாள். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே, கூரையில் முதுகு பதிந்து, முகம் கீழே பார்க்க. போர்வை கழுத்து வரை போர்த்தி, ஓரங்கள் ஒழுங்காகச் செருகியிருந்தன. பின்னல் தொங்கவில்லை, தலையணையில் கிடப்பது போலத் தோளருகே வளைந்து கிடந்தது. கண்கள் மூடியிருந்தன. சீரான மூச்சு.

கீழேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"என்ன, தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டா" என்றாள் அவள். அவள் குரல்தான் அது.

மகளின் மார்புக்கு மேல் போர்வை ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியது. எழுந்தது. மறுபடி அமுங்கியது. தட்டித் தூங்கவைக்கிற தாளத்தில். மெதுவாக. அவசரமே இல்லாமல்.