ஒன்பது கியர் லிங்க்

டக்!

அவ்வளவுதான் சத்தம். பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தவளின் கால், திடீரென்று காற்றில் சுற்றியது. திரும்பிப் பார்த்தாள். யாரோ அவிழ்த்துப் போட்ட கொலுசு மாதிரி, ஈர ரோட்டில் கிடந்தது செயின்.

"இன்னிக்கா? இன்னிக்குத்தானா உனக்கு நேரம் கிடைச்சுது?" என்று சைக்கிளைத் திட்டினாள்.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையைத் திறக்க வேண்டியவள் அவள்தான். இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை லேட். மூன்றாவது தடவை என்றால் கையில் எச்சரிக்கை லெட்டர் கொடுத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் அண்ணன். "இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னுட்டு போன் பண்ணு... அப்புறம் சைக்கிளாவது ஒண்ணாவது. என் வண்டி பின்னாடி உக்காந்துதான் வரணும், சொல்லிட்டேன்!"

அண்ணன் வண்டியின் பின்சீட்டு... நினைத்தாலே மூச்சு முட்டியது. நாள் முழுக்க ஜன்னல் இல்லாத அறையில் நிற்கிறவளுக்கு, காலையில் இந்தப் பாலமும் காற்றும்தான் சொத்து.

தூறல் வலுத்தது. எதிர்ப்பக்கமிருந்து வந்த சைக்கிள் ஒன்று வேகம் குறைந்து நின்றது.

"செயினா?"

"இல்ல, நெக்லஸ்."

சிரித்துவிட்டான். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்துளி. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள்... தூங்கி எழுந்த குழந்தைக்கு இருக்குமே, அப்படி ஒரு தெளிவு. அவள் சட்டென்று செயினைப் பார்த்தாள். இருக்கிற அவசரத்தில் கண்ணை எல்லாம் யார் பார்க்கச் சொன்னது?

சீட்டுக்கு அடியில் தொங்கிய பையை அவிழ்த்தான். பம்ப், ட்யூப், டயர் கழற்றுகிற லீவர், கையுறை, கடைசியில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே, செயினின் பின்னைத் தள்ளி எடுக்கிற செயின் கட்டர்!

"கடையே வச்சிருக்கீங்க?"

"கடை இருக்கு. ஆனா மூக்குக்கண்ணாடிக் கடை." முட்டி போட்டு உட்கார்ந்தவன், பின்சக்கரத்தின் பல்சக்கரங்களை எண்ணினான். முகம் வாடியது. "அடடா... உங்களுது ஒன்பது கியர். என்னுது பதினொண்ணு. அறுந்த செயினைச் சேர்க்கிற லிங்க் என்கிட்ட இருக்கு, ஆனா உங்க செயின்ல உக்காராது. கண்ணியில இருக்கிற பின்னைத் தள்ளிதான் கோர்க்கணும். அஞ்சு நிமிஷம்."

"நிச்சயமா? ஏழு மணிக்கு நான் ஆஸ்பத்திரில இருக்கணும்."

"நூறு தடவை பண்ணியிருக்கேங்க."

நூற்றியோராவது தடவை சொதப்பினான். கட்டரைத் திருகித் திருகி... ஒரு தடவை அவளை நிமிர்ந்து பார்த்தான். கை மட்டும் திருகிக்கொண்டே இருந்தது. டிங்! அந்தப் பின் முழுசாக வெளியே வந்து, பாலத்து இடுக்கில் விழுந்து, ஆற்றோடு போனது.

"என்னாச்சு?"

"பின்... வெளிய வந்துடுச்சு. நுனி மட்டும் உள்ள நிக்கணும். போச்சுன்னா திரும்பப் போடவே முடியாது. இன்னொரு கண்ணியைக் கழட்டி... இன்னும் பத்து நிமிஷம்..."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காகவே கத்தினாள். "இவ்ளோ மூட்டையைத் தூக்கிட்டுச் சுத்தி என்னங்க பிரயோஜனம்? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்!"

அவன் அவள் சைக்கிளை ஓரமாக நகர்த்தினான். "சைக்கிளைச் சரி பண்ணி ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுடறேன். பஸ்ஸைப் பிடிங்க" என்று மட்டும் சொன்னான்.

ஏழு பத்துக்குப் போய் நின்றாள். லெட்டர் வந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க" என்று அன்று அறுபது பேரிடம் சொன்னாள். அவள் மூச்சு மட்டும் சாயங்காலம் வரை சீராகவே இல்லை.

வாசலில் சைக்கிள் நின்றது. துடைத்து, எண்ணெய் விட்டு, செயின் கோர்த்து. ஹேண்டிலில் ஒரு சீட்டு, கடை முகவரி அச்சடித்த, கண்ணாடிக்குப் பவர் எழுதித் தருகிற சீட்டு. வலது கண், இடது கண் கட்டங்களை விட்டுவிட்டு, கீழே குட்டி எழுத்தில் எழுதியிருந்தது.

'செயின் ஒரு கண்ணி குறைஞ்சிருக்கு. முன்னாடி பெரிய பல்சக்கரம், பின்னாடி பெரிய பல்சக்கரம் சேர்த்துப் போடாதீங்க. சீக்கிரம் புதுசு மாத்திடுங்க. கூட வச்சுக்க வேண்டியது: செயின் கட்டர், ஒன்பது கியர் லிங்க் ரெண்டு, கையுறை, ட்யூப், பம்ப். முக்கியம்: பின்னை முழுசா வெளிய தள்ளக் கூடாது. நான் தள்ளிட்டேன். மன்னிச்சிடுங்க.'

வீட்டில் அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான். "பாத்தியா? ரோட்டுல போறவன்கூட உனக்குப் பாடம் எடுக்கிறான்!"

சுருக்கென்றது. 'மன்னிச்சிடுங்க' என்ற வரி அப்போது அவள் கண்ணில் படவே இல்லை. மறுநாள் அதே சீட்டின் பின்பக்கம், 'ஆலோசனைக்கு நன்றி. இனிமேல் யாருடைய உதவியும் தேவைப்படாது' என்று எழுதி, ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில் இருந்த கண்ணாடிக் கடையின் கதவிடுக்கில் தள்ளிவிட்டு வந்தாள். உள்ளே அவன் ஒரு பெரியவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தான். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

அந்தக் குரல் மட்டும் கூடவே வந்தது...

செயின் கட்டர் வாங்கினாள். ஒன்பது கியர் லிங்க் இரண்டு வாங்கினாள். தேய்ந்துபோன பழைய செயினைச் சாப்பாட்டு மேசையில் போட்டு, ராத்திரிச் சமையல் ஆகும்வரை கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

"இது மேசையாடி, பட்டறையாடி? தட்டு வைக்க இடம் இருக்கா பாரு!" என்றாள் அம்மா.

"ஒரு நிமிஷம்மா... ஐயோ!"

டிங். பின் முழுசாக வெளியே வந்து உருண்டது. முதல் நாள் மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின் இவ்வளவு சுலபமாகவா கழன்று போகும்? காய்ந்த மேசை, நல்ல வெளிச்சம், யாரும் கத்தாத வீடு... இதிலேயே எனக்குத் தவறுகிறது. அவன் மழையில் முட்டி போட்டுக்கொண்டு...

சிரிப்பு பாதியில் நின்றுபோனது. போய் மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் 'தேவைப்படாது' என்று எழுதிக் கொடுத்த கை அவளுடையதுதானே? எந்த முகத்தோடு போவது?

கடை திறக்குமுன் சைக்கிளில் ஒரு சுற்று போகிறவன், தினமும் பாலத்தில் எதிரே வந்தான். முதல் வாரம் பெல்லை ஒரு தடவை தட்டினான். அவள் நேரே பார்த்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் பெல் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஓரமாக... பாலத்தின் பாதியை அவளுக்கே விட்டுக்கொடுத்த மாதிரி. நான்கு மாதம் இப்படியே போனது. பெல் சத்தம் கேட்காத காலைகள் எவ்வளவு நீளம் என்று, மிதிக்கிறவளுக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள்... அதே ஏற்றம், அதே தூறல். ஓரமாக அவன் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அறுந்த செயின்.

மணி ஆறு முப்பத்தைந்து. ஆஸ்பத்திரி பத்து நிமிஷத் தூரம். பிரேக்கைப் பிடித்தது அவளா, அவள் கையா?

"செயினா?"

அவன் நிமிர்ந்தான். கண்ணாடியில் மழைத்துளி. "இல்ல... நெக்லஸ்."

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நகருங்க. லிங்க் எடுங்க, பதினொண்ணு."

"இல்லைங்க. போன வாரம்தான் பந்தயத்துக்குப் பழகுற ஒருத்தருக்குக் கொடுத்தேன்."

"பெட்டில என்னமோ இருக்கே?"

"அது... அது ஆகாது. விடுங்க."

விடுவாளா? கண்ணாடிப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் பொட்டலம் கட்டி ஒரு லிங்க். மேலே அதே குட்டி எழுத்து: ஒன்பது.

"உங்க சைக்கிள் பதினொண்ணு," என்றாள் மெதுவாக. "இது உங்களுக்கு எதுக்குமே ஆகாது."

"ஆகாது."

"என்னிக்கு வாங்குனீங்க?"

"அன்னிக்குச் சாயங்காலம்."

"நான்தான் தேவைப்படாதுன்னு எழுதிக் கொடுத்தேனே?"

"அதைப் படிச்சேன். உங்களுக்குத் தேவைப்படாமலே இருக்கட்டும்... என்கிட்ட இருந்துட்டுப் போகட்டும்னு வச்சிருந்தேன்."

கையுறையை மாட்டினாள். கட்டரை வைத்துத் திருகினாள். திருகினாள்... நுனி மட்டும் உள்ளே நிற்க, நிறுத்தினாள். பிய்ந்த கண்ணியைக் கழற்றி, மீதியைக் கோர்த்து, பின்னை உள்ளே தள்ளி, மிதியைச் சுற்றிப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம்.

"கடை வரைக்கும்தான் தாங்கும். போனதும் புதுசு மாத்திடுங்க," என்றாள். அப்புறம் செயினையே பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான் கத்தியிருக்கக் கூடாது. கண்ணாடில மழை... அந்தப் பின் எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"கண்ணாடி நல்லாத்தாங்க தெரிஞ்சுது." அவன் காது சிவந்தது. "அதான் பிரச்சனை. நான்... பின்னைப் பாக்கல."

"வேற எதைப் பாத்தீங்க?"

வாயைத் திறந்தான். மூடினான்.

அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. அறுபது பேரிடம் தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடுங்க. இப்ப சொல்லுங்க."

"உங்களைத்தான்," என்றான் ஒரே மூச்சில். "அன்னிக்கும்... நாலு மாசமா தினமும். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனாலும் உங்க சைக்கிள் சத்தம் தெரியும் எனக்கு. பிடிச்சிருக்கு. ரொம்ப."

தூரத்தில் பஸ் வந்தது, அவர்களைக் கடந்து போனது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

"இப்பதான்..."

"எனக்கும் இப்பதான்," என்றாள். சொன்ன வேகத்தில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். "ஆனா ஒண்ணு. என் செயின் அறுந்தா நான்தான் கோர்ப்பேன்."

"சரி. அப்ப நான்?"

"பக்கத்துல நின்னு குடை பிடிங்க. அதுக்கு எல்லா கியரும் பொருந்தும்."

அவன் தயங்கி, மஞ்சள் பொட்டலத்தை நீட்டினான். "அப்ப இது... உங்ககிட்டயே..."

அவள் அதை வாங்கினாள். ஈரம் போகத் தட்டி, அவன் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்து மூடினாள்.

"எனக்குத் தேவைப்படாது," என்றாள். "உங்ககிட்டயே இருக்கட்டும்."

இறக்கத்தில் அவள் சைக்கிள் பறந்தது. பின்னால், நான்கு மாதத்துக்கு அப்புறம், ஒரு பெல் சத்தம் கேட்டது...