விதி பதினான்கு, உட்பிரிவு ஆ

காலை 6.25.

படகுக் கூடத்தில் மூன்றாவது தாங்கி காலி.

நேற்று மாலைவரை அதில் ஒரு சிவப்பு கயாக் கிடந்தது. இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. நீளம் பதின்மூன்று அடி. உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஒன்பது மணிக்கு வரப்போகிற சிறப்பு விருந்தினரின் அன்பளிப்பு. அவர் கையாலேயே அதை ஏரியில் இறக்கி, இரட்டையர் போட்டியைத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு.

காணோம் என்று கண்டுபிடித்தவர் படகுக் கழகத் தலைவர். முழங்காலுக்கு மேல் ஏரித் தண்ணீர் பட்டறியாதவர். ஆனால் நங்கூரம் பதித்த ஆறு பித்தளைப் பொத்தான்களோடு கோட்டு மாட்டாமல் கரைப்பக்கம் வரமாட்டார். படகைக் காணோம் என்ற அதே மூச்சில் எடுத்தது யார் என்றும் சொல்லிவிட்டார்.

"அந்தக் கேரியர் இல்லாத காருதான்யா."

"காருதான்," என்றார் செயலாளர். தலைவரின் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வது அவர் பொறுப்பு. கழகத்தில் வேறு பொறுப்பு அவருக்கு இருந்ததாகத் தகவல் இல்லை.

6.30. அந்தக் கார் வந்தது.

சின்னக் கார். அதன் தலையில் ஒரு பழைய மஞ்சள் கயாக், காரைவிட ஒன்றரை அடி நீளமாக, முன்னும் பின்னும் மூக்கை நீட்டிக்கொண்டு. கூரையில் கேரியர் கிடையாது. அதற்குப் பதிலாக ரெக்சின் உறை தைத்த இரண்டு பஞ்சுத் திண்டுகள். படகைச் சுற்றி இரண்டு அகலப் பட்டைகள் ஜன்னல்கள் வழியே காருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி இறுகியிருந்தன. படகின் மூக்கிலிருந்து பானட் ஓரத்துக்கு ஒரு கயிறு, வாலிலிருந்து பின் பம்பருக்கு ஒரு கயிறு.

கார் வரவேற்பு வளைவின் கீழ் நுழைந்தது. நேற்று மாலைதான் கட்டிய வளைவு. நடுவில் தலைவரின் பெரிய படம். முதலில் உயரத்தில்தான் மாட்டினார்கள். "அவ்வளவு மேல இருந்தா முகம் எவனுக்குத் தெரியும்?" என்று தலைவர் வளைவையே ஓரடி இறக்க வைத்தார். தலைவருக்கு மீசை கிடையாது. படத்தில் இருந்தது. சிவப்பாக. வரைந்தவர் மரியாதைக்குக் கூடுதலாக ஒன்று போட்டிருக்கிறார் போலும் என்று பார்த்தவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கார் நின்றது. ஓட்டுநர் ஜன்னலிலிருந்து முதலில் இரண்டு கால்கள் வந்தன. பிறகு இடுப்பு. பிறகு கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு பெண்மணி முழுதாகத் தரையில் நின்றாள். கார்களுக்கு சீட் கவர் தைப்பவள், ஊருக்குப் பஞ்சக்கா. மறுபக்க ஜன்னலில் அவளுடைய நாத்தனார் பாதி வெளியே, பாதி உள்ளே.

"அண்ணி, செருப்பு பிரேக்குக்கடியில போயிடுச்சு."

"விடுடி. செருப்புப் போட்டுக்கிட்டா துடுப்புப் போடப்போறே?"

தலைவர் தொண்டையைச் செருமினார். இது நல்லதற்கில்லை என்று கழகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

6.40. தலைவர் அறை.

மேசைமேல் ஒரு கடிதம். சுத்தமாக டைப் அடித்து, கோப்பு எண் போட்டு, மூன்று பத்தி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

பஞ்சக்கா வாய்விட்டுப் படித்தாள். "'நான் அறியாமையினால் கழகப் படகை எடுத்துச் சென்று, தகுதியற்ற வாகனத்தில் ஏற்றி, வழியில் தவறவிட்டேன். மன்னிப்புக் கோருகிறேன். இன்றைய போட்டியிலிருந்தும், சனிக்கிழமைப் பெண்கள் வகுப்பு நடத்துவதிலிருந்தும் விலகிக்கொள்கிறேன்.' இது நானா?"

"நீங்கதான். பெண்கள் வகுப்புக்குன்னு படகுக் கூடத்துச் சாவி உங்ககிட்ட ஒண்ணு இருக்கு. கையெழுத்துப் போடுங்க, விஷயம் இங்கேயே முடிஞ்சிடும். போலீஸ், கேஸ்னு போனா உங்களுக்குத்தாம்மா அசிங்கம்."

"அசிங்கம்," என்றார் செயலாளர்.

சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் விதி தொங்கியது. விதி 14 (ஆ): மேல் கேரியர் பொருத்தப்படாத வாகனங்களில் கழக வளாகத்தினுள் படகு ஏற்றுதல் கூடாது. பஞ்சக்கா சேர்ந்த மறு வாரம் போட்ட விதி. சொந்தப் படகு, சொந்தக் கார் என்று அவள் அதைச் சட்டை செய்ததில்லை.

"நான் போடாத தையலை என்னைப் பிரிக்கச் சொல்றீங்க," என்றாள். "மாட்டேன்."

"யோசிங்க. வகுப்புல பதினோரு பொம்பளைங்க. உங்களால அவங்களுக்கும் கெட்ட பேரு."

"அவங்களுக்காகத்தான் மாட்டேன்கறேன். திருடி நடத்தின வகுப்புன்னு ஆகணுமா?" அவள் கைபேசியை எடுத்தாள். "ஹலோ, ஸ்டேஷனா? படகுக் கழகத்துல திருட்டு. யார் பேசறதா? திருடின்னு சொல்றாங்களே, அவதான் பேசறேன். சீக்கிரம் வாங்க, ஒன்பது மணிக்கு எனக்குப் போட்டி இருக்கு."

தலைவரின் ஆறு பொத்தான்களில் ஒன்று தானாகக் கழன்றது.

6.58. சப்-இன்ஸ்பெக்டர் வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். வாயில் ஏலக்காய். சின்னக் காரருகே நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. மாலை ஒன்று தயாராக இருந்தது, வேண்டாமென்றாள். தலைவர் வரலாற்றைத் தொடங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பார்த்தது யாரு?"

"நான். என் ரெண்டு கண்ணால."

"எத்தனை மணிக்கு?"

"சரியா அஞ்சு முப்பத்தஞ்சு. விழா ஏற்பாட்டைக் கவனிக்கச் சீக்கிரமே வந்துட்டேன். மேடையில நின்னுட்டிருந்தேன். இன்னிக்கு என் உரை இருக்கு. 'பாதுகாப்பான படகுப் போக்குவரத்து'. செயல்விளக்கத்தோட."

"என்ன பார்த்தீங்க?"

"இவங்க கார், மேல சிவப்புப் படகு. வளைவைத் தாண்டி நின்னுது. இவங்க டிரைவர் கதவைத் திறந்து இறங்கினாங்க. பட்டையை ஒரு இழு இழுத்துப் பார்த்தாங்க. மறுபடி ஏறி, கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. கதவு சாத்தின சத்தம்கூடக் கேட்டுது."

"கேட்டுது," என்றார் செயலாளர். சப்-இன்ஸ்பெக்டர் அவரை ஒரு தரம் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பவே ஏன் தடுக்கலை?"

"கழக விஷயமா எடுத்துட்டுப் போறாங்கன்னு நினைச்சேன். பெருந்தன்மை."

பஞ்சக்காவின் முறை வந்தது.

"அஞ்சு முப்பத்தஞ்சுக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்டு வாசல்ல. இந்த மஞ்சளைக் கட்டிட்டு இருந்தேன்."

"சாட்சி?"

"நான்தாங்க மறுமுனையைப் பிடிச்சேன்," என்றாள் நாத்தனார். "ஆனா நான் இவங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. நான் சொல்றது செல்லுமா?"

"அண்ணிக்காக நாத்தனார் சொல்ற பொய்யை இதுவரை கேட்டதில்லை," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "குறிச்சுக்கறேன். சரி, கேரியர் ஏன் வைக்கலை?"

"கேரியர் வெச்சிருக்கோமே!" நாத்தனார் பின் சீட்டைக் காட்டினாள். "நாலு அடுக்கு. மதியச் சாப்பாடு."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஏலக்காய் மட்டும் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

"இந்தக் கார்க் கூரையில கேரியர் மாட்டப் பிடிமானமே இல்லைங்க," என்றாள் பஞ்சக்கா. "திண்டு நானே தைச்சது. நாலு வருஷமாக் கட்டறேன். ஒரு தரம்கூடப் படகு அசைஞ்சதில்லை. கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் கேரியர் வேணும்."

தலைவர் முனகினார்.

7.20.

சப்-இன்ஸ்பெக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றினாள். படகுக் கூடத்துக் கதவைப் பார்த்தாள், பூட்டு உடையவில்லை. வளைவின் கீழ் நின்று தலைவரின் படத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். தலைவருக்கு அது பிடித்திருந்தது.

"நல்லா வந்திருக்கு இல்லீங்களா?"

"மீசை நல்லாருக்கு." அவள் பஞ்சக்காவின் பக்கம் திரும்பினாள். "அந்த நாடாவைக் கொஞ்சம் குடுங்க."

அளந்தாள். சின்னக் காரின் மேலிருந்த படகின் உச்சி: தரையிலிருந்து ஆறடி நான்கு அங்குலம். பிறகு ஒரு நாற்காலியில் ஏறி வளைவை அளந்து, படத்தை நகத்தால் ஒரு தரம் சுரண்டி, நோட்டில் எழுதினாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு மேடைக்குப் பக்கத்தில் தூசி உறை போட்டு மூடியிருந்த தலைவரின் பெரிய வண்டிக்குப் போனாள்.

"இதை எதுக்கு மூடியிருக்கீங்க?"

"விழா வண்டி. தூசி படக்கூடாது."

அவள் உறையின் ஒரு நுனியைத் தூக்கினாள். கூரையில் பளபளக்கும் கேரியர். அதையும் அளந்தாள். உறையை மூடிவிட்டுச் செயலாளரிடம் வந்தாள்.

"அந்தக் கடிதம் யாரு டைப் அடிச்சது?"

செயலாளர் வாய் திறக்காமல் கையைத் தூக்கினார்.

"எத்தனை விரல்ல அடிப்பீங்க?"

தன் வலது ஆள்காட்டி விரலை அவர் வெட்கத்தோடு காட்டினார்.

7.45. எல்லோரும் சின்னக் காரைச் சுற்றி நின்றார்கள்.

"தலைவரே, நீங்க பார்த்ததை ஒரு தரம் நடிச்சுக் காட்டுங்க. டிரைவர் கதவைத் திறந்து, உள்ள ஏறுங்க."

தலைவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். இழுத்தார். கதவு அரை அங்குலம் அசைந்து நின்றது. பலமாக இழுத்தார். கார் ஆடியது; கதவு திறக்கவில்லை. ஒரு காலைக் காரில் ஊன்றி இழுத்தார். இரண்டாவது பொத்தான் தெறித்துப் புல்லில் விழுந்தது.

"பூட்டியிருக்கு!"

"பூட்டலை. கட்டியிருக்கு," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "பட்டை ஜன்னலுக்குள்ள போய் மறு ஜன்னல்ல வருது. இறுக்கினா நாலு கதவும் படகோட சேர்த்துக் கட்டினமாதிரி. அதனாலதான் இவங்க ரெண்டு பேரும் ஜன்னல்வழியா ஏறி இறங்கறாங்க."

"கதவிடுக்கு வழியா விட்டா, சாத்தறப்போ விளிம்பு பட்டையை அறுத்துடுங்க," என்றாள் பஞ்சக்கா. "பட்டை அறுபடறதைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது."

"கேரியர் வெச்ச வண்டியில படகு மேல இருக்கும், கதவு பாட்டுக்குத் திறக்கும். இந்தக் கதையில கதவு திறந்ததுன்னு ஒருத்தர் சொன்னா, அவர் கேரியர்ல மட்டுமே படகு ஏத்திப் பழகினவர்."

தலைவருக்குக் குரல் திரும்பியது. "இன்னிக்குக் காலையில மட்டும் வேற மாதிரி கட்டியிருக்கலாமே!"

"கட்டியிருக்கலாம். அதுக்காகத்தான் அளந்தேன்." அவள் நோட்டைப் பிரித்தாள். "வளைவோட அடிவிளிம்பு ஏழடி ரெண்டு அங்குலம். உங்க படத்துல இருக்கற மீசை ஏழடி ஆறு. வரைஞ்சது இல்லை. நகத்தால சுரண்டினேன், பிளாஸ்டிக் சுருள் வந்துது. சிவப்பு. படகு உரசின தடம். சின்னக் கார்ல படகு ஏத்தினா ஆறடி நாலுதான். வளைவுக்குக் கீழ குனியாமப் போயிடும். உங்க கேரியர் மட்டும் ஆறடி ஏழு. அதுமேல படகு வெச்சா ஏழே முக்கால் அடி. வெறும் வண்டியா உள்ள வந்தப்போ இடிக்கலை. படகோட வெளிய போனப்போ இடிச்சுது. ஓரடி இறக்கச் சொன்னீங்களாமே?"

அவள் நோட்டை மூடினாள்.

"உரைக்கு ஒத்திகை. கேரியர்ல புதுப் படகை ஏத்தி ஒரு சுத்து. உங்க முகத்துலயே மோதி உடைச்சீங்க. அப்புறம் பழி போட ஆள் தேடினீங்க. கேரியர் இல்லாத ஆள் வசதியா இருந்தாங்க. படகைக் காணோம்னு தெரிஞ்சது ஆறு இருபத்தஞ்சு. கடிதம் மேசைமேல வந்தது ஆறு நாப்பது. ஒத்தை விரல்ல, பதினஞ்சு நிமிஷத்துல, கோப்பு எண்ணோட மூணு பத்தி? திருட்டு தெரியறதுக்கு முன்னாடியே மன்னிப்பு ரெடி." அவள் செயலாளரைப் பார்த்தாள். "பதின்மூணடிப் படகை ஒத்தை ஆள் தூக்க முடியாது. மறுமுனை யாரு?"

செயலாளர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவர் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

"மேடைக்கடியில இருக்குங்க."

மேடைத் துணியைத் தூக்கினார்கள். பாதுகாப்பான போக்குவரத்தைப் பற்றி உரையாற்றவிருந்த இடத்துக்கு நேர் கீழே, மூக்கு பிளந்து, சிவப்பு கயாக் கிடந்தது.

8.10.

தலைவர் இப்போது கோட்டு இல்லாமல் இருந்தார். இல்லாமல் பார்த்தால் சாதாரணமாகத்தான் இருந்தார்.

"புகார் வேணுமா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சக்காவைக் கேட்டாள்.

"அந்தக் கடிதம் போதும். பேரை மாத்தி, ஒரு விரல்லயே அடிக்கட்டும். நோட்டீஸ் போர்டுல ஒட்டணும்."

செயலாளர் ஓடினார்.

"அம்மா," தலைவர் அருகில் வந்தார். "ஒரு உதவி. ஏரிக்கு அந்தப்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டற பட்டறை இருக்கு. கால் மணி நேரத்துல ஒட்டிடுவான். என் வண்டியில ஏத்தினா வளைவு இடிக்கும். வளைவைப் பிரிக்க ஆள் இல்லை. உங்க கார்ல மட்டும்..."

பஞ்சக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முடியாதுங்களே. விதி பதினாலு, ஆ. மேல் கேரியர் இல்லாத வண்டியில ஏத்தக் கூடாதாம். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கு."

"அது... அது சும்மாம்மா."

"சும்மாவா மாட்டினீங்க?"

நாத்தனார் டிக்கியிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து நீட்டினாள். "நாலு திருகாணிதாங்க. இடப்பக்கம் திருகுங்க."

8.17. தலைவர் நாற்காலியில் ஏறி, தன் கையாலேயே விதியைக் கழற்றினார். மூன்றாவது திருகாணி மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பெண்கள் வகுப்பிலிருந்து போட்டி பார்க்க வந்திருந்த பதினோரு பேரும் ஜன்னலருகே நின்று பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

8.25. மஞ்சள் படகு இறங்கியது, சிவப்பு ஏறியது. திண்டு, பட்டை, இரண்டு கயிறு. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"இழுங்கம்மா. இன்னும். ம், போதும்," என்றாள் பஞ்சக்கா. ஜன்னலில் கையூன்றி, கால்களை முதலில் விட்டு, உள்ளே இறங்கினாள். "ஒன்பதுக்கு நான் வராம யாராவது போட்டியைத் தொடங்கினா..."

"நான் பார்த்துக்கறேன்," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். தலைவரின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

சின்னக் கார் வளைவை நோக்கிப் போனது. தலைவரின் சிவப்பு மீசைக்குக் கீழே, வளைவின் விளிம்புக்குப் பத்து அங்குலம் விட்டு, எதையும் தொடாமல் வெளியேறியது.