ஊத்தாவுக்குள் கை

நீர்க்காகங்கள் எல்லாம் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பட்டுப்போன மரக்கிளைகளில் வரிசையாக, இறக்கையை மடக்கிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி. மீன் தின்கிற பறவை தண்ணீரைப் பார்க்காமல் எதற்காக இருக்கிறது என்று பூமிநாதனுக்கு விளங்கவில்லை. கரைச்சேற்றில் யானைகள் வந்த தடமும் இருந்தது. தண்ணீருக்கு ஒரு கஜம் தள்ளி வரைக்கும் வந்து, குடிக்காமல் அப்படியே திரும்பிப் போயிருந்தன.

அந்த வருஷம் சிங்கம்புணரிப் பக்கம் ஒரு கண்மாயிலும் தண்ணீர் இல்லை. மேற்கே மலையில் மின்சாரத்துக்காகக் கட்டிய அணை வற்றிக் குட்டையாகிவிட்டது, மீன் குவிந்து கிடக்கிறது என்று குத்தகைக்காரர் தண்டாயுதபாணி லாரி பிடித்து இருபது பேரை ஏற்றி வந்தார். இடுப்பளவுதான் ஆழம் என்று அணை ஆபீசில் சொன்னார்களாம். சொன்னவன் எவனும் இறங்கிப் பார்க்கவில்லை. வேட்டி நனையாதவன் சொல்லும் ஆழத்தைப் பூமிநாதன் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

நம்பாதவன், நீச்சல் தெரியாத தங்கச்சி புருஷன் செம்மலையையும் கூட்டி வந்திருந்தான். வீட்டில் உலை வைக்க அரிசி இல்லை, வேறென்ன செய்ய. லாரியடியில் நின்று தங்கச்சி அழகி சொன்னது இன்னும் காதில் கிடந்தது.

"அண்ணே, நீ கூட்டிட்டுப் போறே, நீயே கொண்டாந்து விடணும். இவுக பேச்சை நம்பாதே. இவுகளுக்கு வாயி மட்டுந்தான் நீந்தும்."

தண்டாயுதபாணி கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். எல்லோரும் ஒரே வரிசையாக இறங்கினார்கள். ஆளுக்கொரு ஊத்தா. அடியும் மேலும் திறந்த குச்சிக் கூடை அது. சேற்றில் ஓங்கிக் குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டு, உள்ளே மாட்டியதைத் துழாவி எடுக்க வேண்டும். குத்திய ஊத்தாவைத் துழாவாமல் தூக்கியவனை ஊரில் வருஷம் முழுக்கக் கேலி பேசுவார்கள். மாட்டியது என்னவென்று வாயைத் திறக்கவும் கூடாது. திறந்தால் பக்கத்து ஆள் பாய்ந்துவிடுவான். இதெல்லாம் கண்மாய்ப் பழக்கம். அணைக்கும் அதையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சித்திரை வெயிலிலும் தண்ணீரில் கால் விறைத்தது. மக்கிய இலையும் துருவும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறி, தொண்டையில் போய் உட்கார்ந்தது. அணைக்குக் கீழே, மிச்சத் தண்ணீரிலும் பவர் ஹவுஸ் ஓடும் இரைச்சல் காதுக்கு வருவதற்கு முன்னால் உள்ளங்காலுக்கு வந்தது.

"என்ன மச்சான் இது, பொணம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு," என்றான் செம்மலை.

"வாயை மூடிக்கிட்டுக் குத்து, மாப்ள."

"மூடித்தான் இருக்கேன். பல்லுதான் தானாத் தாளம் போடுது."

குத்தினார்கள், துழாவினார்கள், தூக்கினார்கள். ஒன்றும் இல்லை. பத்தடி போன பிறகு பூமிநாதனின் ஊத்தாவில் ஏதோ முட்டியது. மீன் முட்டினால் படபடவென்று முட்டும். இது மெதுவாக, ஒரு குச்சியைத் தொட்டு, அடுத்த குச்சியைத் தொட்டு, சுற்றிக்கொண்டே வந்தது.

கையை விட்டான்.

வழவழப்பாக ஒன்று அவன் விரல்களைத் தொட்டது. பிறகு உள்ளங்கையை. மணிக்கட்டை. முழங்கையை நோக்கி நிதானமாக ஏறியது. அவன் மீனைத் துழாவும்போது வாலில் தொடங்கி, செவுளைத் தேடிக்கொண்டு போவானே, அதே மாதிரி.

உருவிக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, துழாவி முடிக்காத ஊத்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யாரும் சிரிக்கவில்லை. வரிசை முழுக்கக் குனிந்திருந்தது. தோள் வரை கை உள்ளே, கன்னம் தண்ணீரில். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. பழக்கம் அப்படி.

பவர் ஹவுஸ் இரைச்சல் நின்றது.

"விரால், மச்சான்," செம்மலை கிசுகிசுத்தான். முகமெல்லாம் பல். "பெருசு. கிட்ட வராதீக."

"கையை எடு."

"எடுக்க விட மாட்டேங்குது."

பல் மறைந்தது.

வரிசைக் கடைசியில் நின்ற நாகநாதனின் தலை தண்ணீருக்குள் போனது. கத்தவில்லை. கால்கள் மட்டும் மேலே வந்து அடித்தன. கரும்பு முறிகிற சத்தம். தண்ணீர் சிவந்தது. அடுத்தவன். அதற்கடுத்தவன்.

பூமிநாதன் செம்மலையின் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தான். தோள் மூட்டு கழன்றது. கை வரவில்லை. எதிர்ப்பக்கம் இழுப்பு கூடிக்கொண்டே வந்தது. செம்மலையின் தாடை முங்கியது.

"வெட்டுங்க மச்சான்."

இடுப்பில் அருவாள் இருந்தது.

"வெட்டுங்க. அவகிட்ட என்னை ஒத்தைக் கையோடயாச்சும் கொண்டு போங்க."

முதல் வெட்டு எலும்பில் நின்றது. இரண்டாவதில் செம்மலை ஓலமிட்டான். மூன்றாவதில் இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். சூடான ரத்தம் பூமிநாதனின் வாய்க்குள் அடித்தது. துண்டை முறுக்கி, வெட்டிய கையின் மிச்சத்தில் கட்டினான். அக்குளில் கை கொடுத்து இழுத்தான். தண்ணீர் தாண்டிச் சேறு வந்தது. முழங்கால் புதையும் சேறு.

கரையில் லாரி இல்லை. வெள்ளைத் துண்டு மட்டும் கிடந்தது.

திரும்பிப் பார்த்தான். ஆள் ஒருவரும் இல்லை. வரிசையாக ஊத்தாக்கள் மட்டும் நின்றன.

ஒன்று எழும்பியது.

பிடிக்க யாருமில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பி, ஓர் அடி முன்னே வந்து, ஓங்கிக் குத்தியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லாமே. எழும்பின, வந்தன, குத்தின. கரையை நோக்கி, ஒரே வரிசையாக.

"விட்டுட்டுப் போங்க மச்சான்."

"வாயை மூடு."

இழுத்தான். சேறு பிடித்தது. விழுந்தான். எழுந்து இழுத்தான். சளப். சளப். ஊத்தாக்கள் தண்ணீரை விட்டுச் சேற்றில் ஏறிவிட்டன.

செம்மலையின் தலை மேல் ஒன்று இறங்கியது. தோள் வரை. உள்ளே ஏதோ துழாவும் சத்தம். கழுத்தோரம். காதுக்குக் கீழே. செம்மலையின் கால்கள் சேற்றில் அடித்தன. துள்ளின. நின்றன.

பூமிநாதன் பிடியை விடவில்லை. மல்லாந்து விழுந்தான்.

இருட்டியது.

சுற்றிலும் குச்சிகள். மேலே வட்டமாகக் கொஞ்சம் வானம்.

அந்த வட்டத்துக்குள் ஒரு கை இறங்கியது.