மாடி அறையில் ஒரு கிளாஸ் சோடா

மாலை 6.50. கடலோர உணவகத்தின் கீழ்த்தளத்தில் பாட்டு களைகட்டியிருந்தது. மாடியிலிருந்து மேனேஜர் அலறினான்.

"ஐயோ, அத்தான்!"

முதலாளி நாற்காலியிலேயே சரிந்து கிடந்தார். எதிரே மேசையில் பாதி குடித்த எலுமிச்சை சோடா. சாப்பிட வந்திருந்த டாக்டர் ஒருவர் ஓடிப்போய் நாடி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு, டாக்டர்," என்றான் மேனேஜர். முதலாளியின் காலமான மனைவிக்கு அவன் கூடப்பிறந்த தம்பி.

டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். "இது இதயம் இல்ல. போலீஸைக் கூப்பிடுங்க." யார் கையும் படாமலிருக்க, சோடாவை எடுத்து ஜன்னல் திண்டில் ஓரமாக வைத்தார்.

7.15. இன்ஸ்பெக்டர் வந்தாள். குள்ளமான பெண். ஆளைப் பார்ப்பதைவிடப் பொருளைப் பார்ப்பதில் நம்பிக்கை உள்ளவள். அறைக்குள் ஈரக் காற்று. வந்த ஐந்தாவது நிமிடமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜன்னல் திண்டில் கிளாஸைச் சுற்றிக் குளம்போலத் தண்ணீர் தேங்கியிருந்தது. மேசையில், கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை மட்டும் தனியாகக் கிடந்தது. விரலால் சுண்டினாள். மொடமொடவென்றிருந்தது. இரண்டையும் தனித்தனி உறையில் போட்டாள். வாசலை மூடச் சொன்னாள். அழுக்குத் துணி எடுக்க வந்த வண்டியும் காலியாகத் திரும்பியது.

7.40. மதுக்கூடத்தில் விசாரணை.

"சோடா கலந்தது யாரு?"

"நான்தான்," என்றார் மது கலப்பவர். "ஆறு பத்துக்கு, ஐஸ் போட்டு. மேனேஜர் மேல எடுத்துட்டுப் போனார். நான் கவுண்ட்டரை விட்டு ஒரு அடி நகரல."

"அப்புறம் யாரு மாடிக்குப் போனது?"

"பாட்டுக்காரம்மா. ஆறரைக்கு இறங்கி வந்து மேடை ஏறிட்டாங்க. கடைசியா மேனேஜர், துணி மூடின தட்டோட."

"ஸ்பூன், நாப்கின் வைக்கப் போனேன்," என்றான் மேனேஜர். "மேடம், அந்தம்மா மேல இருந்தப்ப ஒரே சத்தம். கீழ வரைக்கும் கேட்டுது."

பாடகி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்களும் முதலாளியும் கல்யாணம் பண்ணிக்கப் போறதா ஊரே பேசுது. எதுக்குச் சண்டை?"

"அது எனக்கும் அவருக்கும் நடுவுல."

மறுநாள் காலை 11.00. ஆய்வு முடிவு வந்தது. உடலில் விஷம். கிளாஸில் சொட்டு விஷம் இல்லை.

"அப்ப பாட்டுக்காரிதான் மேடம்," என்றார் ஏட்டு. "வேற எதுலயோ குடுத்திருக்கா. கூட்டிட்டு வந்துடவா?"

"மூணு பேரையும் மாடிக்கு வரச் சொல்லுங்க."

11.30. மூவரும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசினாள்.

"ஐஸ் போட்ட கிளாஸ் இந்த ஈரக் காத்துல அஞ்சு நிமிஷத்துல வியர்த்து வழியும். ஜன்னல்ல அப்படித்தான் வழிஞ்சிருக்கு. ஆனா மேசையில நாப்பது நிமிஷம் இருந்ததா சொல்ற கிளாஸோட அட்டை அப்பளம் மாதிரி காஞ்சு கிடக்கு. ஏன்?"

அவளே பதிலும் சொன்னாள்.

"ஏன்னா, டாக்டர் எடுத்து வச்சது வேற கிளாஸ். இங்க வந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அந்த நேரம் இவங்க மேடையில, இவர் கவுண்ட்டர்ல. தட்டோட மாடியில இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

"சோடாவுக்கு நான் எங்க போவேன்?" என்றான் மேனேஜர்.

"உணவகத்துல சோடாவுக்கா பஞ்சம்? ஆறு பத்துக்கு நீங்க விஷம் கலந்து எடுத்துட்டு வந்த பழைய கிளாஸ் கழுவுற தொட்டிக்குப் போயிடுச்சு. அதோட அட்டை, தட்டை மூடின துணிக்குள்ள சுருட்டி அழுக்குக் கூடையில நேத்தே கிடைச்சுது. சோடா சிந்தி ஊறிப்போயிருக்கு. விஷம் அதுல இருக்கு."



"அக்கா இருந்த இடத்துல இன்னொருத்தி," என்றான் மேனேஜர். "நேத்து ராத்திரி எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்னாரு. கேக் வாங்கிட்டு வான்னு என்னையே அனுப்பினாரு, மேடம். என்னையே."

அப்போதுதான் பாடகி பேசினாள்.

"நான் கல்யாணம் வேண்டாம்னு சொல்லத்தான் மேல வந்தேன். முதல்ல கத்தினாரு. அப்புறம் சரின்னுட்டாரு. கதவுகிட்ட வந்தப்ப, 'மச்சான்கிட்ட நானே சொல்லிடறேன், அவன்தான் ரொம்ப சங்கடப்பட்டுட்டிருந்தான்'னாரு."

மேனேஜர் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஏட்டு தோளைத் தொடப் போனார்; இன்ஸ்பெக்டர் கையமர்த்தினாள். ஒரு நிமிடம் பொறுத்து, "எழுந்திருங்க," என்றாள்.