கயிறோடு வந்த கிட்டார்

ஓசியில் கிடைத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன். என் குணம் அப்படி. கண்ணமங்கலத்தில் மெல்லிசைக் குழுவில் பாங்கோஸ் தட்டுகிற வடிவேலு என்று சொல்லுங்கள், 'அந்தச் சந்தேகப் பிராணியா?' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அப்படிப்பட்ட நானே அன்று கண்ணாயிரத்தோடு ஜவ்வாது மலை பஸ்ஸில் ஏறினேன் என்றால், அவன் படுத்திய பாடு அத்தனை.

கண்ணாயிரம் எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்காரன். கையில் இருந்ததோ வாடகைக் கிட்டார், கழுத்து வளைந்தது, சுருதியில் நிற்காது. பொங்கலுக்குள் சொந்தமாக நல்லதாக ஒன்று வாங்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகக் குழுத் தலைவர் சொல்லிவிட்டார். எண்பத்து மூன்றாம் வருஷத்தில் நல்ல பேஸ் கிட்டாருக்கு எங்கே போவது? வெளிநாடு போனவர் யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. "ஒண்ணு வாங்கினா போதும் மச்சான், சாவுற வரைக்கும் அதையே வெச்சிக்கணும்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். மலையில் ஒரு வீட்டில் நாலு கம்பி கிட்டார் ஒன்று சும்மா கிடப்பதாகச் செங்கத்துப் புளி வியாபாரி சொன்னதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு கம்பி என்றால் பேஸ்தான். மலையில் பேஸ் கிட்டாரா? எனக்கு அப்போதே உறுத்தியது.

பஸ் எங்களை இறக்கிவிட்டபோது மதியம்தான். ஆனால் மேகம் இறங்கி, பொழுது சாய்ந்தது மாதிரி இருட்டிக் கிடந்தது. சாமைக் கொல்லை ஓரமாக நடந்தோம். ஈர மண் வாசனையோடு எங்கிருந்தோ புகை வாசனையும் வந்தது. நாயும் குரைக்கவில்லை, கோழியும் கூவவில்லை. கடைசி வீட்டு வாசலில் ஒரு நடுவயசுப் பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் கிட்டார் இருந்த வீட்டுக்காரி, மங்கம்மாள்.

நாங்கள் வருகிறோம் என்று யாரும் அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை.

கிட்டார் அவள் மகன் தீர்த்தகிரியுடையது. மெட்ராஸில் ஒரு ஹோட்டலில் பாட்டுக் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தவன், அங்கேயே வாசிக்கவும் கற்றிருக்கிறான். கிட்டார்காரர் வெளிநாடு போகும்போது அதை அவனுக்கே கொடுத்துவிட்டுப் போனாராம். காய்ச்சலோடு ஊர் திரும்பியவன் போன மழைக்காலத்தில் செத்துப்போனான். வீட்டில் கரண்ட் கிடையாது. அதனால் கிட்டாரின் தலையைத் தானியக் குதிரில் சாய்த்துவைத்து வாசிப்பானாம். குதிரே அதிர்ந்து பாடுமாம். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள்.

கம்பளியைப் பிரித்தாள். கருஞ்சிவப்பு உடம்பு, நூல் பிடித்தது மாதிரி நேரான கழுத்து. கண்ணாயிரம் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

நான் கம்பிகளைப் பார்த்தேன். ஒரு மழைக்காலம் முழுக்கத் தொடாமல் கிடந்த கம்பியில் துரு ஏற வேண்டாமா? பளபளவென்று இருந்தன. கொடியில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, நீலக் கட்டம் போட்டது, துவைத்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மகன் செத்துப்போன வீட்டில் அது யாருடைய சட்டை? விலையும் அடிமாட்டு விலையாகச் சொன்னாள்.

அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். கம்பிகளைக் கழற்றித் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

"மாடு வித்தாக்கூட நாங்க கவுறு குடுக்கறதில்ல தம்பி. வாங்கறவங்கதான் புதுக் கவுறு கொண்டாருவாங்க."

அந்த வழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. பழைய கயிற்றை விற்றவர் கழற்றி வைத்துக்கொள்வார். கண்ணாயிரம் சிரித்துவிட்டான். ஸ்ட்ரிங்ஸ் மெட்ராஸிலேயே கிடைக்காது, இது என்ன மாடா என்று கெஞ்சினான்.

"எதுவா இருந்தா இன்னா. கவுத்துக்குத் தன் கட்டுத்தறி தெரியும்."

அதற்குமேல் அவள் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. அவ்வளவு தெரிந்தவள் இன்னொரு தரம் சொல்லியிருக்க வேண்டாமா? சட்டைக்கு அளவெடுக்கிறவள் மாதிரி கண்ணாயிரத்தின் தோளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். 'வேணாண்டா, கழட்டிக் குடுத்துடு' என்று அவன் காதில் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

கீழே வந்ததும் அவனுக்கு ஏறுமுகம்தான். ஆரணித் திருவிழாவில் பாடகரை விட்டுவிட்டு ஜனங்கள் பேஸ் கிட்டார்காரனைப் பார்த்தார்கள். தலைவரே அவனுக்கு மாலை போட்டார். நான்கூட, சே, வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் அவன் பெண்டாட்டி பாஞ்சாலை வந்து நின்றாள். அரிசிச் சோறு வேண்டாம், சாமைதான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம்.

"வூட்ல பாத்திரமெல்லாம் அதுவா அதிர்துங்கண்ணா. பயமா இருக்குது" என்றாள்.

உடனே போனேன். சாயங்கால வெளிச்சம் இருந்தது. கண்ணாயிரம் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, கிட்டாரின் தலையை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்திருந்தான். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பேஸ் கிட்டாருக்குச் சத்தம் கிடையாது, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடச் சரியாகக் கேட்காது. ஆனால் என் காலடியில் தரை அதிர்ந்தது. பித்தளைக் குடத்துத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

நன்றாகத்தான் வாசிக்கிறான் என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

அவன் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

கம்பிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் கண்ணாயிரத்தைக் காணோம். கிட்டாரும் இல்லை. பாஞ்சாலை என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். எங்கே போயிருப்பான் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஒரு பையில் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மலைக்கு பஸ் ஏறினேன்.

அந்த வீடு கண்ணில் படுவதற்கு முன்பே உள்ளங்காலில் அதிர்வு ஏறிவிட்டது. உள்ளே கரியும் தானியமும் கலந்த வாசனை. கண்ணாயிரம் குதிரோரம் உட்கார்ந்திருந்தான். எதிரே சாமைச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை.

அளவு கச்சிதமாக இருந்தது.

"யாருங்க?" என்று என்னைக் கேட்டான்.

மங்கம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் அன்னிக்கே சொன்னனே தம்பி."

எனக்கு வந்த கோபத்தில் பயம்கூடப் பின்னால் போய்விட்டது. பையை வாசற்படியில் போட்டுவிட்டு, கிட்டாரை அவன் கையிலிருந்து பிடுங்கி, முறுக்காணிகளைத் தளர்த்திக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். என் விரலுக்குள் அவை துடித்தன. கடைசிக் கம்பி வந்ததும் வீடு அடங்கியது. நாலையும் சுருட்டி அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மூடினேன்.

"இந்தாம்மா, உன் கவுறு."

கண்ணாயிரம் விழித்துப் பார்த்தான். "வடிவேலு, எப்படா வந்த?" என்றான். அப்புறம் குழந்தை மாதிரி அழுதான். அந்தச் சட்டையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, என் துண்டைப் போர்த்தி அவனை வெளியே இழுத்துவந்தேன். கிட்டார் குதிரோரமே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மங்கம்மாள் தடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தாள். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கினேன்.

கண்ணாயிரம் இப்போது சைக்கிள் கடையில் வேலை செய்கிறான். மேடைப் பக்கமே வருவதில்லை. பாஞ்சாலை என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

நேற்றுத்தான் அந்தப் பையை எடுத்து உதறினேன்.

நாலு கம்பிகளும் விழுந்தன. சுருள் கலையாமல், பளபளவென்று.

என் கையாலேயே மங்கம்மாளிடம் கொடுத்தேன். அவள் விரல்களை நானே மூடினேன். பிறகு யார் போட்டது? அவள் அந்தப் பையின் பக்கம் வரவேயில்லை. நான் அழுகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்தாளோ? கண்ணாயிரமே போட்டானோ? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. இன்று விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் நடுங்குகிறது.

அவளுடையதை அவளிடமே கொடுத்துவிட வேண்டும். கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். என் பெண்டாட்டி செந்தாமரையிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மலையில் மழையாம்.

"மாத்துச் சட்டை ஒண்ணு வெச்சிக்கங்க" என்றாள்.

"வேணாம். அங்க ஒண்ணு இருக்குது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது.