வளையல் டப்பாவில் ஓர் உப்புக்கல்

"ஏட்டி செல்வி, தண்ணி வந்துட்டு. எந்திரி."

அம்மா கோமதியம்மாளின் குரல் கேட்டதும் மாரிசெல்வி பாயைச் சுருட்டிவிட்டு ஓடினாள். தாராவியில் அவர்கள் குடியிருந்த சந்தில் வரிசையில் நின்று பிடிக்கும் பொதுக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் குடம், வாளி, அண்டா, பாட்டில் எல்லாம் நிறைந்துவிட வேண்டும். பாட்டில்கள் செல்வியின் பொறுப்பு. ஒரு பாட்டில் காலியாக நின்றாலும் போதும், அன்று முழுவதும் அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டும்.

பாட்டில்களை நிரப்பி அடுக்கும்போது செல்வியின் கண் ஜன்னல் பக்கம் போனது. அங்கே வெயில் படும் இடத்தில் அக்காவின் பாட்டில் நின்றது. அதன் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே மாதுளைச் சாறு போலச் சிவப்பாக ஒரு நீர்.

அது சாறு இல்லை. அப்பா ராஜபாண்டி வேலை செய்யும் குடோனில் ஆட்டுத் தோல்களுக்கு உப்புப் போட்டு அடுக்கி வைப்பார்கள். சில சமயம் அந்த உப்பு சிவந்துவிடும். எல்லாரும் அதைச் சுரண்டி எறிவார்கள். அக்கா மாரீஸ்வரி மட்டும், "எறியாதீங்கப்பா, எனக்குக் கொஞ்சம் கொண்டுவாங்க" என்றாள். கல்லூரியில் நுண்ணுயிர்களைப் பற்றிப் படிப்பவள் அவள்.

"அது வெறும் சிவப்பு இல்லட்டி. கண்ணுக்குத் தெரியாத உயிர். கோடிக்கணக்குல இருக்கு" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

"தோல் உப்புக்குள்ள எப்படி உயிரோட இருக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கேன். செவ்வாய் கிரகத்துல ஒரு காலத்துல ஏரி இருந்ததாம். இப்போ வறண்டு போச்சு. ஏரி வத்துனா உப்புதானே மிஞ்சும்? அந்த உப்புக்குள்ள ஏதாவது உயிர் இருக்குமான்னு உலகம் பூராவும் தேடுதாங்க. நானும் தேடணும்."

அதற்கு ஒரு வழியும் திறந்திருந்தது. வாஷியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். ஆராய்ச்சியை இப்போதுதான் தொடங்குகிறவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருடம் உதவித்தொகையோடு தங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை கற்றுக்கொடுப்பார்கள். சொந்தமாகச் செய்த வேலை ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நாளைக்கு அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் அக்கா சயானில் ஒரு மொபைல் கடையில் பில் போடும் வேலைக்குப் போக வேண்டும். அப்பா முன்பே சொல்லிவிட்டார். இனிமேலும் படிக்கவைக்க அவரால் முடியாது.

செல்வி பாட்டிலை உற்றுப் பார்த்தாள். கால் பங்குதான் மிச்சம் இருந்தது. மற்றதை அக்கா கல்லூரிச் சோதனைகளுக்கு எடுத்துவிட்டாள். வெயிலும் கொஞ்சம் குடித்துவிட்டது.

"பாவம். கோடி உயிருக்கு இவ்வளவு தண்ணி எப்படிக் காணும்?" என்று செல்வி நினைத்தாள்.

அக்கா அதில் தண்ணீர் ஊற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். அது நிறைய உப்புக் கரைத்த நீர் என்று அவளுக்குத் தெரியாது. அக்கா விடியும் முன்பே கல்லூரிக்குப் போய்விட்டாள். குழாயும் நின்றுவிட்டது. செல்வி தன் பங்குக் குடிதண்ணீரை எடுத்துப் பஞ்சை நீக்கி, கழுத்துவரை ஊற்றினாள். "குடிங்க" என்று மெதுவாகச் சொல்லிப் பஞ்சை அடைத்தாள்.

மத்தியானம் பார்த்தபோது சிவப்பு இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல ஏதோ கலங்கலாக நின்றது.

செல்வி ஓடினாள். பக்கத்து வீட்டு அர்பாஸை இழுத்து வந்து காட்டினாள். இருவரும் ஒரே வகுப்பு.

"அரே, கலர் எங்க போச்சு?" என்றான் அர்பாஸ்.

"நான் தண்ணி ஊத்துனேன்."

"தண்ணிதானே? விஷமா ஊத்துன?" அவன் யோசித்தான். "ஒண்ணு பண்ணலாம். எங்க வீட்டுல ரோஸ் சர்பத் இருக்கு. ரெண்டு மூடி ஊத்துனா அதே கலர். உங்க அக்காவுக்கே தெரியாது."

செல்வி பாட்டிலைப் பார்த்தபடி நின்றாள். ஒரு நிமிஷம் அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

"அங்க பெரிய பூதக்கண்ணாடி எல்லாம் வச்சிருப்பாங்கள்லா?"

"இருக்கும்."

"அதுல வச்சுப் பாத்தா?"

"சர்பத் தெரியும்" என்றான் அர்பாஸ், குரல் இறங்கி.

"அப்போ எல்லார் முன்னாடியும் அக்காதான் பொய் சொன்னவளா நிப்பா." செல்வி தலையை ஆட்டினாள். "வேண்டாம். நானே சொல்லிருதேன்."

சாயங்காலம் அவள் சந்து முனையிலேயே போய் நின்றாள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னட்டி, எனக்காகவா நிக்க?"

"அக்கா, உன் பாட்டில்ல நான் தண்ணி ஊத்திட்டேன். நல்ல தண்ணி. எல்லாம் வெளுத்துப்போச்சு."

அக்கா வேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கரண்டியோடு திரும்பினார்.

"உனக்கு எதுக்குட்டி அந்த வேலை? அவ எத்தனை மாசமா..."

"ஏசாதீங்கம்மா" என்றாள் அக்கா. "அவ பங்குத் தண்ணியை இல்ல குடுத்திருக்கா."

அதைக் கேட்டதும்தான் செல்விக்கு அழுகை வந்தது.

"எல்லாம் செத்துட்டாக்கா?"

"ஆமா. அதுகளுக்கு உப்புதான் வீடு. நல்ல தண்ணி பட்டா உடம்பு ஊதி ஊதி உடைஞ்சிரும்."

"வேற இல்லையா?"

"கல்லூரியில வச்சிருந்ததை எல்லாம் சோதனையில முடிச்சாச்சு. புதுசா வளர்க்கணும்னா ரெண்டு வாரமாவது ஆகும். நாளைக்குப் போகணுமே."

 அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செல்வி மூக்கை உறிஞ்சினாள்.

"தண்ணி கூடினா செத்துரும். தண்ணியே இல்லாட்டி?"

"அப்படின்னா?"

"காஞ்சு போய் வெறும் உப்பா ஆயிட்டா. அப்பவும் செத்துருமா?"

அக்கா நிமிர்ந்தாள். "சாகாது. உப்புக் கல்லுக்குள்ள ஒரு துளி நீரோட ஒடுங்கிக் கிடக்கும். ரொம்ப நாள் கிடக்கும். ஏன் கேக்க?"

செல்வி எழுந்து தன் வளையல் டப்பாவை எடுத்து வந்தாள். உடைந்த வளையல் துண்டுகள், ஒரு மயில் இறகு, ஒரு பட்டன். அவற்றுக்கு நடுவே பழுப்புத் தாளில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தால், ரோஜா நிறத்தில் சதுரமாக ஓர் உப்புக்கல். கற்கண்டு போல இருந்தது.

"ஏது இது?"

"முந்தி ஒரு நாள் பாட்டில் மாத்தும்போது தட்டுல சிந்துச்சே. கழுவச் சொன்னியே."

"நீ கழுவலையா?"

"ஜன்னல்ல வச்சேன். மறந்துட்டேன். அப்புறம் பாத்தா அழகா இருந்துச்சு."

அக்கா அந்தக் கல்லைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். "நீ பாத்திரம் கழுவாத ஆளா இருக்கது இன்னைக்குத்தான்ட்டி நல்லதாப் போச்சு."

"நல்லாச் சொல்லிக் குடு" என்றார் அம்மா. அவர் முகமும் கொஞ்சம் இளகியிருந்தது.

"ஆனா உள்ள உயிர் இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "இருந்தாலும் இதை எடுத்துட்டுப் போறேன். நீயும் வா. நீதானே பத்திரமா வச்சிருந்த."

மே மாதம். பம்பாய்க் காற்றில் உப்பு வியர்த்துவிடும். அதனால் மறுநாள் கிளம்பும்போது செல்வி டப்பாவில் ஒரு பிடி அரிசியைப் போட்டாள். உப்பு ஜாடியில் அம்மா எப்போதும் செய்வது அது. அரிசி நடுவே தாளில் சுற்றிய கல்லை வைத்து மூடினாள்.

குர்லாவில் வண்டி மாறினார்கள். கூட்டத்தில் செல்வி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மான்கூர்டு தாண்டி ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறியபோது காற்று உப்பாக வீசியது. அக்கா உதட்டுக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆராய்ச்சி நிலைய வாசலில் காவலாளி டப்பாவைத் திறந்து, தாளையும் பிரித்துப் பார்த்தார். இந்தியில் கேட்டார், "அரிசி, உப்பு. உள்ளே போய் சமைக்கப் போறியா?"

"இல்ல. காட்டப் போறோம்" என்று செல்வியும் இந்தியில் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு அவர்களை உள்ளே விட்டார்.

தேர்வுக்குழுவில் இருந்த பத்மஜா மேடம் தமிழர்கள் நிறைய வாழும் மாட்டுங்காவைச் சேர்ந்தவர். தமிழிலேயே பேசினார். "உங்க விண்ணப்பத்துல உயிரோட வளர்றதைக் கொண்டு வர்றதா இருந்ததே. எங்கேம்மா?"

"செத்துப்போச்சு மேடம். நேத்து நல்ல தண்ணி கலந்துடுச்சு." அக்கா தங்கையைக் கைகாட்டவில்லை. ஆனால் செல்வி ஓர் அடி முன்னே வந்தாள்.

"நான்தான் ஊத்தினேன். தாகமா இருக்கும்னு நினைச்சேன்."

மேடம் சிரிக்கவில்லை. "அப்புறம் இது?"

"அது சிந்தினது காஞ்சது. அதையும் இவதான் எடுத்து வச்சிருந்தா" என்றாள் அக்கா. "உள்ள உயிர் இருக்கான்னு நான் இன்னும் பாக்கலை. இருக்குன்னு சொல்ல மாட்டேன்."

மேடம் கல்லை நுண்நோக்கியின் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். "ஏறிப் பாரு குழந்தே."

செல்வி பார்த்தாள். கல்லுக்குள் சின்னச் சின்னச் சதுர அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துளி, இளஞ்சிவப்பாக.

"எங்க சந்து மாதிரியே இருக்கு. ஒரே நெருக்கம்."

மேடம் இப்போது சிரித்தார். ஆனால் அக்காவிடம் பேசியபோது குரல் பழையபடி ஆனது. "செவ்வாய்க்குப் போனா நிறைஞ்ச பாட்டிலா கிடைக்கப் போறது? காஞ்ச உப்புதான் கிடைக்கும். இதுல பாதியை உப்பு நீர்ல கரைக்கிறோம். எழுந்திருக்கிறதான்னு பார்ப்போம். எழுந்திருக்காமலும் போகலாம். சம்மதமா?"

அக்கா செல்வியைப் பார்த்தாள். கல் அவளுடையது அல்லவா?

"பாதி எனக்குத் திரும்பி வருமா?" என்று செல்வி கேட்டாள்.

"வரும்."

"சரி."

அதன் பிறகு ஒரே காத்திருப்பு. மொபைல் கடைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். "இந்த மாசம் முடியட்டும்" என்றார் அப்பா. மழை தொடங்கியது. தகரக் கூரையில் தாளம் கேட்டது. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

ஒரு நாள் மத்தியானம் போனில் ஒரு படம் வந்தது. கண்ணாடிக் குடுவை. அதில் ரோஜா நிறம்.

கீழே பத்மஜா மேடம் எழுதியிருந்தார்: "எழுந்துவிட்டன. நீங்களும் வாருங்கள். ஒன்றாம் தேதி வேலை தொடக்கம். பாதிக் கல் பத்திரமாக இருக்கிறது என்று தங்கையிடம் சொல்லவும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அப்பா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நாங்க சுரண்டி எறியுதது இதுதானா?"

"இதேதான்ப்பா."

"இனிமே எறிய மாட்டேன்" என்றார் அப்பா. 

சில வாரங்கள் கழித்து ஜன்னலில் ஒரு புதுப் பாட்டில் நின்றது. அன்று காலை தண்ணீர் வந்தது. தண்ணீர் பிடிக்க உதவிய அர்பாஸ் கையில் சொம்போடு ஜன்னல் பக்கம் நகர்ந்தான்.

"ஏல, அதுக்கு வேண்டாம்" என்றாள் செல்வி.

"ஏன், கொஞ்சம்கூடவா?"

"ஒரு சொட்டுகூட வேண்டாம்." செல்வி தன் பாட்டிலைக் குழாய்க்குக் கீழே பிடித்தபடி சொன்னாள். "இந்தத் தாராவியிலேயே தண்ணிக்கு வரிசையில நிக்காத ஆளுங்க அவங்க மட்டும்தான்."