சேலையைத் திருத்திய கை

விஸ்வநத்தத்தில் கற்பகம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்று. வெயிலோடு சேர்ந்து பட்டாசு ஆலைகளின் கந்தக நெடியும் தெருவில் தேங்கிக் கிடந்தது. தேடி வந்த வீட்டை அவள் போலீஸ் எடுத்த போட்டோக்களில் மட்டுமே பார்த்திருந்தாள். குற்றம் நடந்த இடம் கிடக்கும் கோலத்தைப் பார்த்து, செய்தவன் எப்படிப்பட்டவன் என்று போலீசுக்கு எழுதிக் கொடுப்பது அவள் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் இந்த வீட்டில்தான் வெள்ளைத்தாயை யாரோ அடித்துக் கொன்றிருந்தார்கள். மண்டை உடைந்து கிடந்தவளின் சேலை மட்டும் கணுக்கால்வரை இழுத்துவிடப்பட்டு, மாராப்பு ஒழுங்காக மூடியிருந்தது. முடியைக் காதோரம் ஒதுக்கியிருந்தார்கள்.

‘அந்நியன் இப்படிச் செய்யமாட்டான். அவள்மேல் பாசமுள்ளவன், செய்ததற்கு வெட்கப்பட்டவன். வீட்டுக்குள் தேடுங்கள்’ என்று கற்பகம் எழுதினாள். அந்த வரிகளுக்காக அப்போது பலர் அவளைப் பாராட்டினார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான்.

புருஷன் முனியராஜைப் பிடித்தார்கள். இருக்கன்குடிக் கோயிலுக்குப் போயிருந்ததாகச் சொல்லி அழுதான், சாட்சியில்லை. பதினோராம் நாள் ஜெயிலில் தூக்கில் தொங்கினான்.

போன மாதம் வேறொரு திருட்டில் சிக்கியவன் வெள்ளைத்தாயின் தாலிச் சங்கிலியை எடுத்துக் கொடுத்து, அவளைக் கொன்றது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். அடித்த வேகத்தில் கொல்லைக்கு ஓடியவன், தெருவில் ஆள் நடமாட்டம் இருந்ததால் பக்கத்து வீட்டுக்காரி வந்து அலறும்வரை அங்கேயே பதுங்கியிருந்தானாம். சேலையைத் தான் தொடவேயில்லை, அதுவரை வீட்டுக்குள் வேறு ஒருவரும் போகவுமில்லை என்றான்.

உள்ளே வளையல் சத்தம் மட்டும் கேட்டதாம்.

முனியராஜின் தங்கை பாண்டிலட்சுமி சாவியோடு வாசலில் நின்றாள். வேலைக்கு இடையில் வந்திருந்தாள். நகக்கண்ணெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளி.

“நீங்கதான் எழுதிக் குடுத்தீகளா?”

கற்பகத்தால் நிமிர முடியவில்லை. “ஆமாங்க. தப்பா எழுதிட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

“எங்கிட்டக் கேட்டு என்ன ஆகப்போகுது? உள்ள போயிக் கேளுங்க.”

கதவு திறந்தது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு. ஆனால் தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பாய் சுருட்டி மூலையில் நின்றது. சுவரோரம் குடங்கள் வரிசை பிசகாமல் இருந்தன.

“யார் கூட்டுறாங்க?”

“நாங்க யாரும் உள்ள போறதில்ல.” பாண்டிலட்சுமியின் குரல் தாழ்ந்தது. “வெளியாளு வார வீடு அலங்கோலமாக் கெடந்தா எங்க மதினிக்கு ஆகாது. அம்புட்டுக் கூச்சம் அவுகளுக்கு.”

கற்பகத்துக்கு அப்போதுதான் புரிந்தது.

போலீஸ் வரும். போட்டோ எடுப்பார்கள். முன்பின் தெரியாத ஆம்பளைகள் சுற்றி நிற்பார்கள்.

வெள்ளைத்தாயின் அந்தக் கூச்சத்தைத்தான் கற்பகம் கொலைகாரனின் வெட்கம் என்று எழுதியிருந்தாள்.

தனியாக உள்ளே போனாள். ரத்தக்கறை மங்கிய இடத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நெற்றி தரையில் பட்டது. “நீங்க சேலையைத் திருத்துனதுல தப்பில்லம்மா,” என்றாள். “அதை வச்சு அவரைக் கொன்னது நான்தான்.” விம்மி விம்மி அழுதாள். முந்தானை தோளிலிருந்து நழுவியதோ, முடி அவிழ்ந்ததோ அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே எங்கோ ஒரு வெடியைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு அதுவும் அடங்கியது.

வளையல் குலுங்கியது.

முதுகுக்குப் பின்னால்.

குளிர்ந்த விரல்கள் முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டன. மெதுவாக, ஒரு மடிப்பும் கலையாமல். பிறகு முடியைக் காதோரம் ஒதுக்கின.



கற்பகம் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படி வாசலுக்கு வந்தாள் என்றும் தெரியவில்லை. பாண்டிலட்சுமி அவள் தோளையே பார்த்தாள். குனிந்து பூட்டை எடுத்தாள். அவள் கை எட்டுவதற்குள் கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பாண்டிலட்சுமி கதவோடு வாயை வைத்து, “மதினி, அவுக கிளம்பிட்டாக,” என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ முதுகைச் சாய்த்து, மெல்லச் சரிந்து உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.